எல்.சி.டி. திரை வாங்குவோர் கவனத்துக்கு: என் ரூ. 11,400 போன கதை

எல்.சி.டி. திரைகளை எப்படிக் கையாள வேண்டும், எதைக்கொண்டு துடைக்க வேண்டும், எங்கே வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் திரை விற்ற கடையில் இருந்து நேற்று மாலை வந்த கடைசிப் பதிலைப் படித்தபின், முதலில் நான் ஏமாந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாளையங்கோட்டையில் கோழிக்குஞ்சு பொரிப்பான்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுப்பது என் தொழில். உள்ளே 37.5 டிகிரி நிற்கிறதா என்று வளர்ப்பவர்கள் பார்ப்பது, வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் 16-க்கு 2 எல்.சி.டி. திரையில்தான். எலக்ட்ரானிக் உதிரிபாகம் விற்கும் ஓர் இணையக் கடையில் ஒன்று ரூ. 190 வீதம் 60 திரைகளுக்கு, ரூ. 11,400 முன்பணமாகக் கட்டினேன். முதலில் தயக்கம் இருந்தது. தொலைபேசியில் பேசியவர், "அண்ணாச்சி, நானும் அம்பாசமுத்திரம் பக்கந்தான், பிரிக்காத சரக்கா அனுப்புதேன், தைரியமா போடுங்க" என்றார். அந்த 'அனுப்புதேன்' என்ற ஒற்றைச் சொல்லில் விழுந்தேன். நம் ஊர்ப் பேச்சு வாயில் இருந்தால் நம் ஊர் நாணயமும் மனத்தில் இருக்கும் என்று நம்பியது என் மடமை.

பார்சலைப் பிரித்தபோதே தின்னர் வாடை அடித்தது. உராய்வால் சேர்ந்து மின்னணுப் பாகங்களைக் கெடுக்கும் நிலைமின்னைத் தடுக்கும் உறை ஒன்றுக்குக்கூட இல்லை. பத்துப் பத்தாகச் செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டியிருந்தார்கள். புதுத் திரையின் முகத்தில் இருக்க வேண்டிய பாதுகாப்புத் தாள் எதிலும் இல்லை. முகப்பில் ஒட்டியிருக்கும், ஒளியை வடிகட்டி எழுத்தைத் தெரியவைக்கும் மெல்லிய துருவமாக்கிப் படலம், தின்னர் பட்ட இடமெல்லாம் பால் படிந்ததுபோல் வெளுத்து, ஓரங்களில் சுருங்கிக் கிடந்தது. பின்புறம் உலோகச் சட்டத்தைப் பிடித்திருக்கும் காதுகள் முறுக்கி நிமிர்த்தி மறுபடி முறுக்கப்பட்டிருந்தன. சட்டத்தைக் கழற்றினால் கண்ணாடியையும் பலகையையும் இணைக்கும் வரிவரியான ரப்பர்ப் பட்டை நகர்ந்துவிடும். மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது பலவற்றில் எழுத்துகள் பாதிதான் தெரிந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. பழைய கருவிகளில் இருந்து கழற்றியதைத் துடைத்து விற்றிருக்கிறார்கள். அறுபதில் ஒழுங்காக எரிந்தவை ஒன்பது.

அன்று மாலையே அழைத்தேன். "தண்ணி தொட்டுத் தொடச்சிருப்பீய" என்றார். நான் துடைக்கவே இல்லை என்றதும், வெயிலில் வைத்திருப்பேன் என்றார். பிறகு பார்சல் பிரித்த வீடியோ கேட்டார்கள். அதை அனுப்பினால், நிலைமின்னால் பழுதானதற்கு உத்தரவாதம் இல்லை என்று பதில் வந்தது. உறையே போடாமல் அனுப்பியவர்கள் நிலைமின்னைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறார்கள்! நேற்று, 'புகார் முடிக்கப்பட்டது' என்று ஒரே வரி. அண்ணாச்சி என்று கூப்பிட்டவர் இப்போது அழைப்பை எடுப்பதில்லை. ரூ. 11,400 என்பது எனக்கு இரண்டு மாதக் கடை வாடகை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

எழுத நினைத்தவற்றில் சிலவற்றையாவது அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புத் தாளும் நிலைமின் தடுப்பு உறையும் இல்லாத திரையை வாங்காதீர்கள். தாளை உரிக்கும்போது மெதுவாக உரியுங்கள், வேகமாக இழுத்தாலே நிலைமின் உண்டாகும். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மென்மையான துணியில் சிறிது தொட்டுக்கொண்டால் போதும். தண்ணீர், அசிட்டோன், தின்னர் கூடவே கூடாது. கண்ணாடி உடைந்து உள்ளிருக்கும் திரவம் கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஜன்னலோரம் வைக்காமல், ஈரமில்லாத இருட்டு அலமாரியில் வையுங்கள். விலை முழுவதையும் முன்பணமாகக் கட்டாதீர்கள்.

கடையம் ஊரில் இருந்து பொரிப்பானுக்குப் பெட்டி கேட்டிருந்தவர், அது எப்போது வரும் என்று காலையில் இருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார். அவருக்கு அந்த ஒன்பதில் ஒன்றைத்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.