சுழற்றுவதா, வளைப்பதா, மாற்றி வைப்பதா? சித்திர வகுப்பில் சிற்பத்தை அசைய வைக்க மூன்று வழிகள்

கையால் செய்த சிற்பத்தைப் படம் படமாக எடுத்து, ஓயாமல் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சின்ன ஜிஃப் ஆக்குவதற்கு வகுப்பறையில் மூன்று வழி இருக்கிறது. செய்து முடித்த உருவத்தை ஒரு தட்டில் வைத்துச் சுழற்றலாம். ஒரே உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து வளைத்து எடுக்கலாம். இல்லாவிட்டால் அசைவின் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி உருவம் செய்து, ஒன்றை எடுத்துவிட்டு அடுத்ததை அதே இடத்தில் வைத்து எடுக்கலாம். பிள்ளைகள் எப்போதும் கேட்பது இரண்டாவதைத்தான் ("சேர், என்ர மாடு நடக்கோணும்"). ஆனால் யாழ்ப்பாணத்து வெயிலுக்கும், நிறைந்த வகுப்புக்கு ஆசிரியரின் ஒரே ஒரு போன் என்ற நிலைமைக்கும் மூன்றாவதுதான் பொருந்தும் என்பது என் முடிவு.

முதலில் சுழற்றுவது. மூன்றிலும் சுலபம் இதுதான், உருவம் ஏற்கெனவே இருந்தால் ஒரு பாடவேளையில் முடிந்துவிடும். கேக்குக்கு ஐசிங் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் சுழலும் தட்டு போதும். அதன் மேல் வட்டமாக வெட்டிய கடதாசியை ஒட்டி, பாகைமானி வைத்து 15 பாகைக்கு ஒரு கோடு போட்டால் 24 கோடு வரும், கோட்டுக்கு ஒரு படம். செக்கனுக்கு 12 படம் என்று ஓட்டினால் இரண்டு செக்கனில் உருவம் ஒரு முழுச் சுற்று சுற்றும். 25ஆவது படம் எடுக்கக் கூடாது, அது முதல் படமேதான். அதையும் சேர்த்தால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு சின்னத் தடக்கு தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் தேர்ச்சில்லு. எட்டு ஆரக்கால் உள்ள சில்லு ஒன்றைக் களிமண்ணில் செய்து தட்டில் படுக்க வைத்து மேலிருந்து எடுத்தால், 45 பாகை திரும்பியதும் அது பழைய தோற்றத்துக்கே வந்துவிடும், ஆகவே 5 பாகைப்படி 9 படம் எடுத்தாலே போதும், சில்லு முடிவில்லாமல் உருளும். 45 பாகைப்படி எடுத்தால் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். 40 பாகைப்படி எடுத்தால் பின்பக்கமாகச் சுழலும்! ஏன் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும், கணித ஆசிரியரையும் கூப்பிடுங்கள். ஒரு ஆரக்கால் மற்றதைவிடத் தடிப்பாக இருந்தால் அது துள்ளித் துள்ளித் தெரியும், அதைப் பார்த்துத்தான் பிள்ளைக்குத் தன் அளவில் எங்கே பிழை என்று விளங்கும். இன்னொன்று, எங்கள் பிள்ளைகள் சிற்பத்தையும் சித்திரம் மாதிரி முன்பக்கம் மட்டும் பார்த்துச் செய்கிறார்கள், முதுகுப்பக்கம் சப்பையாக விட்டுவிடுவார்கள். சுழல் தட்டில் வைத்தால் முதுகு தப்பாது. அந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு தடவையாவது இதைச் செய்யச் சொல்வேன். குறை என்னவென்றால் சிற்பம் சுற்றுகிறதே தவிர அசையவில்லை, மாடு மாடாகவே நிற்கிறது.

வளைப்பதற்கு வருவோம். கொஞ்சம் அசை, ஒரு படம், திரும்பக் கொஞ்சம் அசை. நன்றாக வந்துவிட்டால் இதற்கு ஈடு இல்லை, உருவத்துக்கு மூச்சு வந்ததுபோல் இருக்கும். பிரச்சினை பொருளில். ஈரக் களிமண் இங்கே மின்விசிறிக்குக் கீழே கெதியாக மேற்தோல் காய்ந்து, வளைக்கிற இடத்தில் வெடிக்கும். ஈரத்துணியும் பொலித்தீனும் கொண்டு மூடி மூடி வைத்தாலும் காயக் காயச் சுருங்கும், கடைசிப் படத்து மாடு முதற்படத்து மாட்டைவிடச் சிறிதாகிவிடும். பிளாஸ்ரிசின் காயாது, அதில் தண்ணீர் இல்லை, எண்ணெய்தான். 1897இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹார்பட் என்ற கலை ஆசிரியர் அதை உருவாக்கியதே தன் மாணவர்களுக்குக் காயாத களி வேண்டும் என்றுதான். ஆனால் சித்திரை வெயிலில் அது இளகி, நிற்கிற மாடு மெல்ல மெல்லப் படுத்துவிடும். உள்ளே கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கி எலும்பாக வைத்தால் நிற்கும், ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கிய கம்பி முறிவது நிச்சயம், பெரும்பாலும் முழங்காலில்.

அதைவிடப் பெரிய தலைவலி, முடிவைத் தொடக்கத்தோடு பொருத்துவது. நடந்து முடித்த மாடு முதற்படத்தில் நின்றது போலவே அச்சொட்டாக வந்து நிற்க வேண்டும், பழகிய கைக்கே அது கஷ்டம். இதற்கு ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது: 7 படம் எடுத்து, 1 முதல் 7 வரை போய், பிறகு 6 முதல் 2 வரை திரும்பி வரச் செய்தால் 12 படம், ஒரு செக்கன், பொருத்தம் தானாக வரும். ஊஞ்சல், சிறகடிப்பு, தலையாட்டல், மாட்டின் வால் எல்லாம் இப்படி எடுக்கலாம். இரு முனைகளிலும் அசைவைச் சின்னதாக்கி நடுவில் பெரிதாக்கினால் ஊஞ்சல் உண்மையான ஊஞ்சல் மாதிரி மெதுவாகி நின்று திரும்பும். நடைக்கு மட்டும் இது சரிவராது, மாடு முன்னுக்கும் பின்னுக்குமாக இழுபடும்.

பனம்பழக் காலமாக இருந்தால் களியே வேண்டாம். சூப்பிய பனங்கொட்டையைக் கழுவிக் காயவைத்தால் தும்பு தலைமயிர் மாதிரி நிற்கும் அல்லவா, அதற்கு முகம் வைத்து, தும்பை இடப்பக்கத்தில் இருந்து வலப்பக்கத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி 7 படம். காற்றில் தலைமயிர் ஆடும். வெடிக்காது, இளகாது, முறியாது. வளைக்கும் முறையில் நான் முழு மனதோடு பரிந்துரைப்பது இது ஒன்றைத்தான்.

ஏனென்றால் களி, கம்பி எல்லாவற்றையும்விட எனக்கு இந்த முறையில் பொறுக்காதது வேறு: ஒரு போன், ஒரு உருவம், அதைத் தொடக்கூடியவர்கள் இரண்டு பேர். மற்ற எல்லாப் பிள்ளைகளும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சித்திர வகுப்பில் கை சும்மா இருக்கக் கூடாது.

மாற்றி வைக்கும் முறையில் இந்தக் கஷ்டங்கள் பாதிக்கு மேல் இல்லாமல் போகின்றன. பன்னிரண்டு நிலை, பன்னிரண்டு உருவம், இரண்டு மூன்று பேருக்கு ஒன்று. எல்லாக் கையிலும் களி இருக்கும், போன் கடைசியில் மட்டும்தான் தேவை. உருவத்தை ஒருவரும் வளைக்கப் போவதில்லை என்பதால் களிமண் காயட்டும், நன்றாகவே காயட்டும். வெயில் இப்போது எங்கள் பக்கம். எல்லாம் ஒன்றாகச் சுருங்கினால் அளவு வித்தியாசமும் பெரிதாக வராது. படம் சரிவராவிட்டால் அடுத்த கிழமை அதே உருவங்களை வைத்துத் திரும்ப எடுக்கலாம், வளைக்கும் முறையில் அது நடக்கவே நடக்காது.

இது புது யோசனையும் இல்லை. பிரான்சில் உயிர்களின் அசைவை ஆராய்ந்த விஞ்ஞானி எத்தியென் ஜூல் மாரே 1887இல் கடற்பறவை பறக்கும் நிலைகளை வரிசையாகச் சிறு சிற்பங்களாக்கி, பிளவுகள் வெட்டிய ஒரு பெரிய சுழல் உருளைக்குள் வட்டமாக நிறுத்தினார். உருளை சுற்ற, பிளவு வழியே பார்த்தவர்களுக்குப் பறவை சிறகடித்தது. நாமும் பன்னிரண்டு உருவத்தையும் கேக் தட்டில் 30 பாகைக்கு ஒன்றாக வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு படத்துக்கும் தட்டை 30 பாகை திருப்பினால், 12 படத்தில் பன்னிரண்டும் ஒரே நேரத்தில் நின்ற இடத்திலேயே அசையும்.

எதைச் செய்யலாம்? பொங்கல் பானை. பானை ஒன்றே ஒன்று, அது அசையாது. பொங்கி வழியும் நுரையை மட்டும் எட்டு நிலையில் எட்டுத் துண்டாகச் செய்து மாற்றுங்கள்: கழுத்தில் எட்டிப் பார்ப்பது, எழும்புவது, விளிம்பு தாண்டுவது, வழிவது, வழிந்தது கீழே இறங்கும்போதே அடுத்த நுரை உள்ளே எழும்புவது. அந்தக் கடைசி நிலையில்தான் முடிவு தொடக்கத்தோடு பொருந்தி வளையம் மூடுகிறது, முதலாம் துண்டையும் எட்டாம் துண்டையும் ஒரே குழு செய்தால் நல்லது. அடுப்பு நெருப்புக்கு நாலைந்து சுவாலை போதும், ஒழுங்கே வேண்டாம், எப்படி மாற்றி வைத்தாலும் நெருப்பு எரியும். அலையும் புகையும் அப்படித்தான், கை பழகாத சின்ன வகுப்புகளுக்கு இவைதான் சரி.

திட்டமிடாமல் இதில் இறங்க முடியாது. முதலில் எல்லா நிலையையும் கடதாசியில் வரைந்து, ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, பிறகே களியைத் தொட வேண்டும். களியை ஒரே மூடியால் அளந்து கொடுத்தால் பருமன் ஒக்கும். அடியில் எண் எழுதுங்கள். மேசையில் மூலைமட்டம் மாதிரி ஒரு மட்டைத் துண்டை ஒட்டி, ஒவ்வொரு உருவத்தையும் அதில் முட்ட வைத்தால் இடம் மாறாது. இரண்டு மூன்று பாடவேளை போகும், போகட்டும். அப்படியும் ஒவ்வொரு பிள்ளையின் கையும் வேறு என்பதால் ஓடும்போது உருவம் லேசாகத் துடிக்கும். அதை ஒருபோதும் திருத்த வேண்டாம். வகுப்பு முழுவதன் கையும் அந்தத் துடிப்பில்தான் இருக்கிறது, கொம்பியூட்டரில் எவ்வளவு மினக்கெட்டாலும் அதைக் கொண்டுவர ஏலாது.

எந்த முறையானாலும் போன் அசையக் கூடாது, இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்தினாலும் சரி. திரையில் உருவத்தின் மேல் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முகில் போகும்போதெல்லாம் படம் மினுங்கும். மெல்லிய துண்டுகள் இருந்தால் மின்விசிறியை நிறுத்துங்கள்.

படங்களைக் கோர்ப்பதற்கு ஸ்டொப் மோஷன் ஸ்ரூடியோ செயலியா, ஈஸிஜிஃப் தளமா, கிம்ப் மென்பொருளா? வளைக்கும் முறைக்குச் செயலிதான், முந்தைய படம் மங்கலாக மேலே தெரிவதால் எவ்வளவு அசைத்தோம் என்று பார்க்கலாம். மற்ற இரண்டுக்கும் அது அவசியமே இல்லை, சாதாரணக் கமராவில் எடுத்து ஈஸிஜிஃப்பில் ஏற்றி, படத்துக்குப் படம் உள்ள இடைவெளியை 8 (செக்கனில் நூறில் எட்டுப் பங்கு) என்று வைத்தால் செக்கனுக்குப் பன்னிரண்டு படம் அளவில் ஓடும். இணையம் இல்லாத கணினி அறையில் கிம்ப், இலவசம்தான். ஏற்றுவதற்கு முன் படங்களின் அகலத்தை 480 புள்ளிக்குக் குறைத்துவிடுங்கள், டேட்டா மிஞ்சும். ஜிஃப்பில் ஒரு படத்துக்கு 256 நிறம்தான், பின்னணி ஒரே நிறமாக இருந்தால் சிவப்புக் களிமண் மிக வடிவாக வரும். ஒரு தடவை ஓடி நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம், ஏற்றுமதி செய்யும்போது 'முடிவில்லாமல் திரும்ப ஓடு' என்பதைத் தெரிவு செய்யவில்லை, அவ்வளவுதான். பெற்றோருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது வீடியோவாக மாறித்தான் போகும். கோப்பு அப்படியே வேண்டுமென்றால் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.