சரக்குப் பாராசூட் லைன்கள்: மாற்றியும் தைத்தும் பார்த்த நீண்டகால அனுபவம்

ராணுவத்தில் சரக்குப் பாராசூட் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்று, காங்கயம் அருகே தேங்காய்க் களம் நடத்திவருகிறேன். கண்டம் செய்யப்பட்ட பொருட்களின் ஏலத்தில் வாங்கிய பழைய சரக்குப் பாராசூட் ஒன்று, பெண்கள் தேங்காய்த் தொட்டியிலிருந்து (சிரட்டையிலிருந்து) பருப்பு எடுக்கும் இடத்துக்குப் பல ஆண்டுகளாக நிழல் தருகிறது. குடைத்துணி அதிகம் தொல்லை தரவில்லை. வேலை வைத்ததெல்லாம் குடையின் விளிம்பிலிருந்து சுமைவரை இறங்கும் கயிறுகளான லைன்கள்தான்.

பணியில் இருந்தபோது லைன் மாற்றுவதற்கு இருந்த கண்டிப்பு, களத்துக்கு வந்த பிறகுதான் முழுமையாக விளங்கியது. அமெரிக்கப் படைகளின் ஜி-12 குடை 64 அடி விட்டம் உடையது. அதற்கு 64 லைன்கள். 100 அடி விட்டமுள்ள ஜி-11ஏ குடைக்கு 120 லைன்கள். இத்தனை லைன்களில் ஒன்று மட்டும் குட்டையாகிவிட்டால், குடை விரியும் நொடியில் மற்றவற்றின் பங்கையும் அதுவே சுமக்க நேரிடும். ஆகவே அறுந்த லைனை முடிச்சிட்டு இணைப்பதில்லை. குடையின் விளிம்பிலிருந்து கீழே ரைசரோடு (லைன்களைச் சுமையோடு இணைக்கும் பட்டை) சேரும் இணைப்பு வரை பழைய லைனை முழுவதுமாக எடுத்துவிட்டு, அதே வகைக் கயிற்றை இழுவிசையில் நீட்டி அளந்து தைப்பதுதான் முறை. முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் மூன்றில் ஒரு பங்கு, சில முடிச்சுகளில் பாதி வரைகூடக் குறைந்துவிடும்.

பாராசூட் கயிறுகளில் எல்லோருக்கும் தெரிந்த மூன்றாம் வகை (டைப் III) நைலான் கயிறு குறைந்தது 550 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 250 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். பின்னிய உறைக்குள் ஏழு முதல் ஒன்பது உள்நூல்கள் ஓடும். இதை வெட்டும்போது உள்நூல் உறைக்குள் பின்வாங்கிக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. தொட்டுப் பார்த்தால் நுனி மெத்தென்று வெறுமையாக இருக்கும். அந்த இடத்தில் தைத்தால் சுமை முழுவதும் உறைமேல்தான் விழும். வெட்டும் முன் உறையை நுனிநோக்கி உருவிவிட்டு, சூடான கத்தியால் வெட்டி, உள்நூலும் உறையும் ஒன்றாக உருகி ஒட்டியிருக்கின்றனவா என்று நகத்தால் அழுத்திப் பார்த்துவிடுவேன்.

களத்தில் நைலானைக் கெடுத்தது வெயில்தான். நிழலுக்குள் இருந்த பகுதி மென்மையாகவே இருக்க, வெளியே கம்பத்தில் வளைந்து செல்லும் பகுதி மட்டும் வெளிறி, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று முதலில் அறுத்ததும் அந்த வளைவுகளில்தான். அறுந்த லைன்களை மட்டும் மாற்றுவது பயன் தரவில்லை; பழையவை நீண்டு தளர்ந்திருந்ததால் புதியவையே இழுவை முழுவதையும் வாங்கின. கடைசியில் எல்லா லைன்களையும் ஒரே நேரத்தில் பாலியஸ்டர் கயிற்றுக்கு மாற்றினேன். பாலியஸ்டர் வெயிலை நைலானைவிட நன்றாகத் தாங்குகிறது, குறைவாக நீள்கிறது. வானிலிருந்து இறங்கும் குடைக்கு நைலானின் நீளும் தன்மைதான் அதிர்ச்சியை உள்வாங்குகிறது என்பதால், என் மாற்றத்தைப் பறக்கும் குடையில் யாரும் செய்துவிடக் கூடாது.

கயிறு வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. திருப்பூரில் பனியன், பேண்ட் இடுப்புக்கென்று பின்னும் டிராகார்டு பார்வைக்குப் பாராசூட் கயிற்றைப் போலவே இருக்கும்; அதன் வயிற்றுக்குள் இருப்பது வெறும் அடைப்பு நூல், சுமைக்கு உதவாது. நுனியைக் கொளுத்திப் பார்த்தால் பாலியஸ்டர் கரும்புகை விடும், நைலானில் புகை குறைவு. இதுவும் வகையைத்தான் காட்டும், பலத்தைக் காட்டாது. தாங்கும் எடையை எழுதித் தரும் கடையில் மட்டுமே வாங்குகிறேன்.

தையலுக்குப் பார்டாக் மெஷின் (சிறு இடத்தில் அடர்த்தியாகத் தைத்துப் பலப்படுத்துவது) எளிதாகக் கிடைக்கும் என்றாலும், ஒரே இடத்தில் நெருக்கமாக ஊசி இறங்கி உறையை அறுப்பதால் அதை விட்டுவிட்டு நீண்ட ஜிக்ஜாக் தையலுக்கு மாறினேன். மெஷினை வேகமாக ஓட்டினால் ஊசி சூடேறி ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கயிறு உருகிப் பளபளக்கும். அப்படிப் பளபளத்த துண்டைத் தையல்காரத் தம்பி சேர்த்துக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வதில்லை.

பாலியஸ்டரில் எனக்குள்ள ஒரே குறை, அது நீளாததால் காற்றின் இழுப்பு நேராக முளைக்குச்சிகளுக்குப் போய்விடுகிறது. மண் இளகும் மழைக்காலத்தில் முளைகளை வாரம் ஒருமுறை அடித்து இறக்கிவிடுகிறேன்.