வேலிப் போத்து என்ற பெயரில் விறகை வாங்கி ஏமாற வேண்டாம்

தோட்டத்தைச் சுற்றி உயிர்வேலி அமைக்க எண்ணியிருப்பவர்கள் யாரிடமும் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

காங்கேயத்துக்குத் தெற்கே எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலம் இருக்கிறது. அதன் சுற்றளவு ஏறத்தாழ 850 அடி. கல்தூண் நட்டுக் கம்பிவேலி போடுவது எங்கள் வசதிக்கு மீறியதாக இருந்ததாலும், அந்தப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து நிற்பது முள்கிளுவை வேலிதான் என்பதைக் கண்ணாலேயே பார்த்திருந்ததாலும், கிளுவை வைப்பதென்று முடிவு செய்தோம். அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. வேர் பிடித்துவிட்டால் மழை பொய்த்த ஆண்டிலும் கிளுவை தாங்கி நிற்கும். முள் இருப்பதால் ஆடு மாடு புகாது. வெட்ட வெட்ட அடர்ந்து வரும். தவறு, போத்து, அதாவது நட்டு வேர் பிடிக்க வைக்கும் கிளைத்துண்டு, வாங்கிய இடத்தில் நடந்தது.

வேலிச் செடிகளை விற்று நட்டும் தருவதாகச் சொன்ன ஒரு வியாபாரியிடம், அடிக்கு ஒன்றாக 850 போத்துகளுக்கு, நடுகூலி உட்பட ஒன்றுக்கு 30 ரூபாய் வீதம் 25,500 ரூபாய் பேசினோம். புரட்டாசியில் லாரியில் கொண்டுவந்து இறக்கி, இரண்டே நாளில் நட்டு முடித்து, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார். போத்துகளில் ஓர் இலைகூட இல்லையே என்று கேட்டதற்கு, கிளுவை வறட்சியில் இலை உதிர்ப்பதுதான், மழை விழுந்ததும் துளிர்த்துவிடும் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால்தான் நான் நம்பினேன். வறண்ட காலத்தில் கிளுவை மொட்டையாக நிற்பது மெய்தான்; ஆனால் அதனாலேயே உயிருள்ள போத்துக்கும் செத்த குச்சிக்கும் வெளிப்பார்வைக்கு வேறுபாடு தெரிவதில்லை என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார், நான் அறிந்திருக்கவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. கார்த்திகை பிறந்தபோது எண்ணிப் பார்த்தேன். துளிர்த்திருந்தவை 112 மட்டுமே. பக்கத்துக் கொறங்காட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, ஒரு குச்சியின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக் காட்டினார். உள்ளே பழுப்பாக, மரத்தூள் போல உதிர்ந்தது. துளிர்த்திருந்த ஒன்றை அதேபோல் சுரண்டியபோது பச்சை ஈரம் தெரிந்தது, கிளுவைக்கே உரிய பிசின் வாசம் விரலில் ஒட்டியது. “இது போத்தில்லீங்க தம்பி, வெறகு” என்றார். வெட்டி வாரக்கணக்கில் வெயிலில் கிடந்தவற்றை வியாபாரி எங்கள் தலையில் கட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது. இறக்கிய அன்றே பத்துக் குச்சிகளைச் சுரண்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

தொலைபேசியில் கேட்டபோது முதலில் எங்கள் மண்ணில் உப்பு என்றார்; பிறகு தண்ணீர் போதவில்லை என்றார். அதே மண்ணில், அதே மழையில் 112 துளிர்த்திருப்பதைச் சொன்னதும், ஈடாக வேறு செடி தருவதாக ஒப்புக்கொண்டு 200 நாற்றுகளை அனுப்பினார். வெளிநாட்டு வேலிச் செடி, ஆறே மாதத்தில் ஆள் உயரம் வரும் என்றார். இதை நான் முதல் ஏமாற்றைவிடப் பெரியதாகக் கருதுகிறேன். அவை கோனோகார்பஸ் நாற்றுகள். முள் இல்லாத அந்தச் செடி கிளுவைக்கு எந்த வகையிலும் ஈடாகாது என்பது ஒருபுறம் இருக்க, அதன் வேர்கள் நிலத்தடிக் குழாய்களைச் சேதப்படுத்துவதாகவும் மகரந்தம் மூச்சுத் தொல்லை தருவதாகவும் எழுந்த புகார்களால் 2023-இல் குஜராத் அரசு அதை நடத் தடை விதித்தது. தமிழ்நாடு அரசும் 2025-இல் அதைத் தடை செய்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுக் குழாய் வேலியோரமாகவே போகிறது. நாற்றுகளைத் திருப்பி எடுத்துச் செல்லும்படி சொன்ன நாளிலிருந்து அவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

எனவே, கிளுவை வாங்குவோர் வண்டியிலிருந்து இறக்கும்போதே, கட்டின் மேலே இருப்பவற்றை மட்டுமல்லாமல் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் உருவி எடுத்துச் சுரண்டிப் பார்க்க வேண்டும். எந்த ஊரில், எந்த நாளில் வெட்டியவை என்று கேட்க வேண்டும். பாதிப் பணத்தையாவது துளிர்க்கும் வரை நிறுத்தி வைக்க வேண்டும். இவற்றுக்கு ஒப்புக்கொள்ளாத வியாபாரியிடம் வாங்கவே வேண்டாம். கூடுமானால் வியாபாரியையே தவிர்த்து, தங்கள் வேலியைக் கழிக்கும் கொறங்காட்டுக்காரர்களிடம் நேரில் கேட்டு வாங்குவது நல்லது.

நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். அந்தப் பெரியவர் தம் வேலியைக் கழித்தபோது கிடைத்த போத்துகளைக் காலையில் கட்டி எடுத்து வந்து மாலைக்குள் நட்டோம். கிழக்குப் பக்கம் முழுவதும் துளிர்த்துவிட்டது. மற்ற மூன்று பக்கங்களிலும் செத்த குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.