ஏர் ஃப்ளோ சென்சார் ஆன்லைனில் வாங்குபவர்கள் ஜாக்கிரதை, எனக்கு 4,800 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் அந்தக் கடைக்காரன் முழுசாகக் கைவிரித்தான். 4,800 ரூபாய்! வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி ஸ்விஃப்ட் டீசல், 1.3 லிட்டர். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் போய்விட்டது என்று மெக்கானிக் அண்ணன் ஸ்கேனர் போட்டுப் பார்த்துச் சொன்னார். பழைய ஸ்பேர்ஸ் விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் விசாரித்தால், வேறு கம்பெனி வண்டியில் கழற்றியது இருக்கிறது என்றார்கள். சேருமா என்று தெளிவாகக் கேட்டேன். "சார், இது ஃபியட் இன்ஜின் சார். மாருதில டிடிஐஎஸ்னு பேரு, டாடால குவாட்ராஜெட்னு பேரு, உள்ள எல்லாம் ஒண்ணுதான். தைரியமா மாட்டுங்க, சேரலன்னா காசு வாபஸ்" என்றான். இன்ஜினைப் பற்றி அவன் சொன்னது உண்மைதான், எனக்கும் தெரிந்த விஷயம், அதனால்தான் சென்சாரைப் பற்றிச் சொன்னதையும் நம்பிப் பணத்தை அனுப்பினேன்.

வந்தது, பிளக்கும் கச்சிதமாக உட்கார்ந்தது. வண்டியை எடுத்தால் பிக்கப் இல்லை, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் கரும்புகை, செக் இன்ஜின் லைட் வேறு. ஸ்கேனரில் பி0101, அதாவது ஏர் ஃப்ளோ சென்சார் காட்டும் அளவு சரியில்லை என்ற கோளாறு எண். அண்ணன் விளக்கியபோதுதான் வயிறு எரிந்தது. அந்த சென்சாருக்குள் சூடான ஒரு சின்னத் தகடு இருக்கிறது, காற்று அதைக் குளிரவைக்கும் அளவை வைத்து வோல்டேஜ் போகும், ஆனால் எத்தனை வோல்டேஜுக்கு எவ்வளவு காற்று என்ற கணக்கு அந்தந்த வண்டியின் ஈசியூவில்தான், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். சென்சார் உட்காரும் குழாயின் அகலம் மாறினாலே கணக்கு தப்பிவிடும். என் வண்டியில் வராத காற்றை வந்ததாக அது காட்ட, ஈசியூ அதை நம்பி எக்ஸாஸ்ட் புகையை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வை அதிகமாகத் திறந்துவிட, டீசல் எரியக் காற்றில்லாமல் போயிருக்கிறது. இது பழைய ஸ்பேர்ஸையே தொழிலாக வைத்திருப்பவனுக்குத் தெரியாதா?

போன் செய்தால் முதலில் "ரெண்டு நாள் ஓட்டுங்க, செட் ஆயிடும்". அப்புறம் "உங்க மெக்கானிக் தப்பா மாட்டியிருப்பாரு". இருபது வருஷமாகத் தொழில் செய்கிற மனுஷனை அப்படிச் சொல்கிறான்! அப்புறம் "எலக்ட்ரிகல் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது சார்". காசு வாபஸ் என்று சொன்ன வாய்தானே? நேற்றோடு நம்பரை பிளாக் செய்துவிட்டான். 4,800 ரூபாய், அதுபோக மாட்டிக் கழற்றிய கூலி, லோடு எடுக்க முடியாமல் வீணான டீசல்.

சரி, வாங்குபவர்களுக்கு: உங்கள் வண்டியில் இருந்த சென்சாரின் மேல் இருக்கும் பார்ட் நம்பரும் வாங்குவதன் பார்ட் நம்பரும் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும், ஒரே இன்ஜின், ஒரே பிளக் என்பதெல்லாம் பேச்சே இல்லை. வாபஸ் வாக்குறுதியை வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே அனுப்பாதீர்கள். நான் இப்போது 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன், இதே மாதிரிக் கடையில் ஏமாந்தவர்கள் பில்லையும் சாட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள், நீங்களும் கொடுங்கள்.