த்ராட்டில் சென்சார் கோளாறு: ஸ்கேனரா, முள் மீட்டரா, மாற்றிப் பார்ப்பதா?

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகும் ரோட்டில், நாற்பதில் சீராகப் போகும்போது மட்டும் என் வண்டி வெட்டும். ஆக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தால் சரியாகிவிடும். காலை எடுத்தாலும் சரியாகிவிடும். அந்த ஒரு இடத்தில் மட்டும் திடீரென்று ஓர் உதறல். 2006 மாடல் சின்ன பெட்ரோல் கார், கேபிளால் இழுக்கும் த்ராட்டில் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு). யாரிடம் சொன்னாலும் ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. "டிபிஎஸ்ஸை மாத்திப் பாருங்க" என்றார் ஒருவர். த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார் அது. "ஸ்கேனர் போட்டா தெரிஞ்சுரும்" என்றார் இன்னொருவர். "மீட்டர் வச்சுப் பாக்காம எதையும் கழட்டாதீங்க" என்றார் மூன்றாமவர். இந்த மூன்று வழிகளையும் இரண்டு வண்டிகளில் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன். மூன்றும் சமம் இல்லை. எது முதலில், எது கடைசியில் என்பதை வண்டியும் கோளாறும்தான் சொல்கின்றன.

அந்தச் சென்சார் என்ன என்பதை எனக்குப் புரியவைத்தவர் கார் மெக்கானிக் இல்லை. கண்டனூரில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர். சென்சாரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வேற ஒண்ணுமில்ல, வால்யூம் கண்ட்ரோல்" என்றார். உண்மைதான். மூன்று வயர். ஒன்றில் வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து 5 வோல்ட் வருகிறது, ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். த்ராட்டில் மூடியிருக்கும்போது சிக்னல் வயரில் ஏறக்குறைய அரை வோல்ட் இருக்கும், முழுசாகத் திறந்தால் நாலரையை ஒட்டிப் போகும். உள்ளே ஒரு கரித்தடம், அதன் மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு கை. பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகும்போது ஒரே ஒரு இடத்தில் கரகரக்குமே, அது தடம் தேய்ந்த இடம். காரில் எந்த இடம் சீக்கிரம் தேயும்? நம் கால் நாள் முழுக்க நிற்கும் இடம்தான். ஊருக்குள்ளும் ஒற்றை ரோட்டிலும் ஓட்டுகிறவருக்கு அது ஐடிலிங்குக்கு, அதாவது ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் இன்ஜின் சும்மா ஓடும் நிலைக்கு, சற்று மேலே இருக்கும். நாற்பதில் வெட்டியதன் காரணம் அங்கேயே பாதி விளங்கிவிட்டது.

இனி ஸ்கேனர், வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் கருவி. மொபைலோடு ப்ளூடூத்தில் இணையும் சின்ன அடாப்டரைத்தான் பலரும் முதலில் வாங்குகிறார்கள். நானும் வாங்கினேன். என் வண்டியோடு அது பேசவே இல்லை. நம் நாட்டில் கார்களுக்கு ஓபிடி, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே பதிந்து சொல்லும் ஏற்பாடு, கட்டாயமானது 2010ல் முதல் கட்டமாகவும், 2013ல் இரண்டாம் கட்டமாகவும்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் பலவற்றுக்கு அந்தக் கம்பெனியின் சொந்த ஸ்கேனரோ, ஒர்க் ஷாப்பில் இருக்கும் பெரிய ஸ்கேனரோதான் வழி. அதையும் போட்டுப் பார்த்தோம். கோடு, அதாவது கோளாறுக்கென்று கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் எண், எதுவும் இல்லை. த்ராட்டில் சதவீதம் அழகாக ஏறி அழகாக இறங்கியது. "சென்சார் நல்லாருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. அதன் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான். நொடிக்குச் சில தடவை மட்டுமே அது எண்ணை வாங்கிக் காட்டுகிறது. நூறில் ஒரு பங்கு நொடி சிக்னல் அறுந்து ஒட்டினால், இரண்டு வாசிப்புக்கு நடுவில் அது விழுந்து மறைந்துவிடும். டிஜிட்டல் மல்டிமீட்டரும் இதே ரகம்தான், நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண் மாறும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனரில் ஐடிலிங்கில் த்ராட்டில் பூஜ்யம் காட்டாது, பல வண்டிகளில் பத்து சதவீதமோ அதற்குச் சற்று மேலோதான் நிற்கும். அரை வோல்ட்டை 5 வோல்ட்டால் வகுத்தால் வரும் கணக்கு அது. அதைப் பார்த்துப் பயந்து சென்சாரை மாற்றியவர்கள் உண்டு.

கண்டனூர் அண்ணன் ஒரு முள் மீட்டரை எடுத்து வந்தார். கண்ணாடிக்குள் கறுப்பு முள் ஆடும் பழைய மீட்டர். சென்சாரில் வயர்கள் வந்து செருகும் கப்ளரைக் கழற்றவில்லை. பின்பக்கம், சிக்னல் வயரை ஒட்டி ரப்பர் சீலுக்குள் ஒரு குண்டூசியை மெல்ல நுழைத்தார். கறுப்பு ப்ரோபைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டினார். சாவி ஆன், இன்ஜின் ஆஃப். "தம்பி, கேபிளை நீங்க இழுங்க, அவசரமே வேணாம், ஜவ்வு மாதிரி இழுங்க." இழுத்தேன். முள் அரை வோல்ட்டிலிருந்து ஒரே சீராக ஏறியது. ஒன்றைத் தாண்டியதும் சட்டென்று இடது பக்கம் துள்ளி விழுந்து மறுபடி ஏறியது. திரும்ப விட்டேன். வரும் வழியிலும் அதே இடத்தில் துள்ளல். விரலால் சென்சாரின் முதுகைச் சுண்டினால் அந்த இடத்தில் முள் நடுங்கியது. ஐந்தாறு தடவை செய்தோம், ஐந்தாறு தடவையும் அதே இடம். வோல்ட்டேஜைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் அந்தப் பள்ளம் படமாகவே தெரியும், அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. ஆனால் நம் பக்கத்தில் எத்தனை ஒர்க் ஷாப்பில் அது இருக்கிறது? முள் மீட்டர் பரணில் கிடக்கும் பொருள். முள் மீட்டரை ஓம்ஸ் (மின்தடை) பக்கம் மட்டும் திருப்பிவிடாதீர்கள். ஓம்ஸ் பார்க்க வேண்டுமென்றால் கப்ளரைக் கழற்றிவிட்டுச் சென்சாரில் மட்டும் பாருங்கள். காந்தம் வைத்த, உரசல் இல்லாத வகைச் சென்சாரில் ஓம்ஸ் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

புதுச் சென்சார் போட்டு, மூடிய நிலை வோல்ட்டேஜைச் சரிபார்த்து ஸ்க்ரூவை இறுக்கினோம். உதறல் நின்றது.

இதைப் படித்துவிட்டு எல்லா வண்டிக்கும் முள் மீட்டர்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இரண்டாவது வண்டியில் ஸ்கேனர்தான் ஜெயித்தது. தேவகோட்டையில் ஓர் ஆச்சி வீட்டுக் கார், 2016 மாடல், எலக்ட்ரானிக் த்ராட்டில், கேபிளுக்குப் பதில் மோட்டார் திறக்கும் வகை. பிள்ளைகள் சிங்கப்பூரில். கல்யாணம், கோயில் காரியம் என்று வரும்போது மட்டும் ஷெட்டிலிருந்து வண்டி வெளியே வரும். மீட்டர் போர்டில் இன்ஜின் கோளாறுக்கான மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வேகம் ஏறவில்லை, வண்டி ஊர்ந்தது. ஓர் ஒர்க் ஷாப்பில் த்ராட்டில் பாடியையே மாற்றிவிட்டார்கள். இந்த வகை வண்டியில் சென்சார் தனியாக வராது, பெரும்பாலும் முழுப் பாகமும்தான், செலவும் அதற்கேற்ற மாதிரி. "புதுசு போட்ட பிறகும் அதே வெளக்கு எரியுதேப்பா, நான் என்ன செய்ய" என்று ஆச்சி கேட்டதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. வயரைப் பார்க்காமல் பாகத்தை மாற்றுவதற்குப் பெயர் பரிசோதனை இல்லை. அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றி மாட்டிப் பார்ப்பதாவது ஒரு சோதனை. புதிதாக வாங்கி மாட்டுவது சூதாட்டம், அதுவும் அடுத்தவர் காசில்.

என் மொபைல் அடாப்டர் அங்கே உடனே இணைந்தது. கோடு இரண்டு: பி 0123, பி 0223. எலக்ட்ரானிக் த்ராட்டிலில் ஒன்றையொன்று சரிபார்க்க இரண்டு சென்சார் இருக்கும். முதல் கோடு ஒன்றின் வோல்ட்டேஜ் அதிகம் என்கிறது, இரண்டாவது கோடு மற்றதையும் அப்படியே சொல்கிறது. ஒரே நாளில் இரண்டும் செத்துப்போகுமா? இரண்டுக்கும் பொதுவாக ஓடுவது எர்த் வயர். எர்த் அறுந்தால் சிக்னல் இறங்க வழியில்லாமல் 5 வோல்ட்டை நோக்கி ஏறிவிடும். கோடு இப்படி வழிகாட்டிய பிறகுதான் மீட்டரை எடுத்தேன், இதற்குச் சாதாரண டிஜிட்டலே போதும். கப்ளரைக் கழற்றி, சாவி ஆன் செய்து, 5 வோல்ட் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் வைத்தேன், 5 வந்தது. அதே பின்னுக்கும் கப்ளரின் எர்த் பின்னுக்கும் வைத்தால் ஒன்றுமில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், ஏர் ஃபில்டர் டப்பாவுக்குக் கீழே எலி கடித்த இடம். உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு, விளக்காமல் விட்ட குத்துவிளக்கு மாதிரி.

அந்த இடத்தில் மட்டும் முறுக்கி டேப் சுற்றத்தான் போனேன். காரைக்குடியில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கும் நண்பர் தடுத்தார். உலோக அரிப்பு என்பது அங்கே அன்றாடப் பேச்சு. களிம்பு வயரின் தோலுக்குள்ளேயே ஊர்ந்து போயிருக்கும், பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு அதற்கு மேல் சால்டர் வை என்றார். இரண்டு பக்கமும் விரல் நீளம் வெட்ட வேண்டியிருந்தது. சால்டர் வைத்துக் கோடை அழித்ததும் விளக்கு அணைந்தது. கழற்றிப் போட்டிருந்த பழைய த்ராட்டில் பாடியை மாட்டிப் பார்த்தோம், அதுவும் ஒழுங்காகவே ஓடியது.

ஆகவே கேபிள் வண்டி, விளக்கு எரியவில்லை, வெட்டு மட்டும் வந்து வந்து போகிறது என்றால் முள் மீட்டரில் ஆரம்பியுங்கள். எலக்ட்ரானிக் வண்டி, விளக்கு எரிகிறது, கோளாறு நிலையாக நிற்கிறது என்றால் ஸ்கேனரை முதலில் போடுங்கள், அது காட்டும் வயரை மீட்டரால் உறுதிப்படுத்துங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டைச் சாவி ஆனில் விரலால் தள்ளாதீர்கள். மோட்டார் பட்டென்று மூடினால் விரல் நசுங்கும்.

ஐடிலிங்கில் மட்டும் ஏறி இறங்குகிறது, ரோட்டுச் சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைகிறது என்றால் சென்சாரைச் சந்தேகிக்கும் முன் த்ராட்டில் தகட்டைச் சுற்றிப் படிந்த கரியைத் துடைத்துப் பாருங்கள்.

ஷெட்டில் மாசக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் எல்லாவற்றுக்கும் முன் பேட்டரி. சார்ஜ் இறங்கிய பேட்டரியில் ஸ்டார்ட் செய்தால் இல்லாத கோளாறுக்கெல்லாம் கோடு விழும். பேட்டரியைச் சார்ஜ் போட்டு, கோடுகளை அழித்து, தேவகோட்டை ரஸ்தா வரை ஒரு முறை ஓட்டிவிட்டு வாருங்கள். திரும்பி வந்து ஸ்கேனரைச் செருகும்போது மறுபடி நிற்கும் கோடு எதுவோ, அதைத் துரத்துங்கள்.