கூத்துப் பாடல்களுக்கு மாஸ்டரிங்: இரு சேவைகளிடம் கொடுத்துப் பார்த்த அனுபவம்

ஆடலும் பாடலுமாக நிகழும் ஈழத்து நாடகமான வடமோடிக் கூத்தில், விருத்தம் என்ற செய்யுள் தாளமின்றிப் பாடப்படும். கூத்தர் தணிந்த குரலில் கடைசி அடியை இழுத்து முடிக்கும்வரை, கூத்தை நெறிப்படுத்தும் அண்ணாவியார் மத்தளத்தின் மேல் கையை வைத்தபடி காத்திருப்பார். தாளத்தோடு பாடும் தரு தொடங்கும் கணத்தில் மத்தளமும், சல்லரி என்ற கைத்தாளமும், துணைப் பாடகர்களின் பிற்பாட்டும் ஒன்றாக எழ, ஆடுகளமான களரியைச் சுற்றி இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கடந்த ஆண்டு மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமமொன்றில் ஒன்பது பாடல்களைப் பதிவுசெய்து, அவற்றை இரண்டு மாஸ்டரிங் சேவைகளிடம், அதாவது கலந்து முடித்த பாடலின் ஒலியை வெளியீட்டுக்கு ஏற்றபடி இறுதியாகச் சீராக்குபவர்களிடம், கொடுத்துப் பார்த்தோம். எங்கள் இசைக்கு ஒரு சேவை பொருந்துமா என்பதை, விருத்தம் முடிந்து தரு எழும் அந்த ஓர் இடத்தை வைத்தே தீர்மானிக்கலாம் என்பது அதன் பிறகு எனக்கு உறுதியானது.

முதலில் நாடியது இணையத்தில் இயங்கும் தானியங்கிச் சேவை ஒன்றை. கோப்பைப் பதிவேற்றினால் சில நிமிடங்களில் முடிந்த வடிவம் கைக்கு வந்துவிடும், கட்டணமும் குறைவு. ஹெட்போனில் முதன்முறை கேட்டபோது ஒலி பெரிதாகவும் பளிச்சென்றும் இருந்ததால் எங்கள் குழுவில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் நாள் பொறுமையாகக் கேட்டபோதுதான் விருத்தமும் தருவும் ஏறத்தாழ ஒரே உரப்பில் நிற்பது புலப்பட்டது. தணிந்த பகுதியை அது உயர்த்திவிட்டிருந்தது. அதனால் கூத்தரின் மூச்சும், மண்டபத்து மின்விசிறியின் இரைச்சலும் முன்னுக்கு வந்தன. மத்தளம் விழும்போது எழவேண்டிய அதிர்வு எழவில்லை. சல்லரி தட்டப்படும் ஒவ்வொரு முறையும், ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் அந்தக் கூர்மையான ஒலியைப் பிடித்து அமுக்க, அதனுடன் சேர்ந்து குரலும் ஒரு கணம் உள்ளே போய் மீண்டு வந்தது. மத்தளத்தின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கமோ, கீழ் அதிர்வெண்கள் கூட்டப்பட்டதால், சினிமாப் பாட்டின் டிரம் போல முழங்கியது.

இவற்றைவிடப் பெரிய குறை கோயில் ஒலிபெருக்கியில் வெளிப்பட்டது. எங்கள் பகுதியில் பாடல்கள் அதிகமாக ஒலிப்பது திருவிழாக் காலத்தில், மரத்திலும் கம்பத்திலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளில்தான். அவை இடது வலது என்ற வேறுபாடின்றி ஒரே ஒலியாகத் தருபவை. ஸ்டீரியோவை அகலப்படுத்துவதற்காக அந்தச் சேவை செய்திருந்த மாற்றம், இரு பக்கங்களும் ஒன்றாகச் சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. நால்வர் பாடிய பிற்பாட்டு தொலைவில் யாரோ முணுமுணுப்பது போல் ஆனது.

அடுத்து அணுகியவர் கொழும்பில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு மாஸ்டரிங் பொறியாளர். பாடலொன்றுக்கு 8,000 ரூபா கேட்டார். பணம் வாங்குவதற்கு முன்னரே, மாஸ்டர் ட்ராக்கில் போட்டிருந்த லிமிட்டரை எடுத்துவிட்டு, உச்ச அளவு -6 டெசிபலைத் தாண்டாமல், 24 பிட் வேவ் கோப்புகளாக அனுப்பச் சொன்னார். கூத்தை நேரில் பார்க்காதவர் என்பதால் விருத்தம் எது, தரு எது, எந்த இடத்தில் சபை நிமிரும் என்று ஒவ்வொரு பாடலுக்கும் எழுதிக் கேட்டு வாங்கினார். அந்தக் கேள்வியே அவர் மீது எனக்கு நம்பிக்கையைத் தந்தது.

பிறகு அவர் செய்தது, ஒன்பதில் நான்கு பாடல்களைத் திருப்பி அனுப்பியது. மிக்ஸிங்கில் குரலும் மத்தளமும் சல்லரியும் தனித்தனி ட்ராக்குகளாக இருக்கும். மாஸ்டரிங்குக்கு வருவதோ எல்லாம் கலந்த ஒரே கோப்பு. அந்த நிலையில் சல்லரியின் கூர்மையைக் குறைத்தால் அதே அதிர்வெண்களில் இருக்கும் குரலின் தெளிவும் சேர்ந்து குறையும் என்பதால், அதை மிக்ஸிங்கிலேயே சரிசெய்து வருமாறு எழுதியிருந்தார். எங்கள் இளைஞர்கள் சற்று மனம் வருந்தினார்கள். ஆனால் சல்லரியை மூன்று டெசிபல் இறக்கி மீண்டும் கேட்டபோது அவர் சொன்னது முழுவதும் சரியென்று அவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

முடிந்து வந்த பாடல்களில் விருத்தம் தணிந்தே இருந்தது. தரு எழுந்தது. தருவின் உரப்பை ஏறத்தாழ -16 எல்.யூ.எஃப்.எஸ் அளவில், அதாவது காது உணரும் சராசரி உரப்பைக் குறிக்கும் அளவுகோலில், நிறுத்தியிருந்தார். உச்சம் -1 டெசிபலைத் தாண்டவில்லை. தானியங்கிச் சேவையின் வடிவத்தைவிட இது தணிவாகக் கேட்டதால் குழுவில் மறுபடியும் விவாதம் எழுந்தது. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாடல்களை ஏறத்தாழ -14 என்ற அளவுக்குச் சமப்படுத்தி ஒலிக்கவிடுவதால், அதற்கு மேல் அழுத்தி ஏற்றிய பாடலின் உரப்பு அங்கே குறைக்கப்படும், நசுங்கிய தன்மை மட்டும் மிஞ்சும் என்று அவர் விளக்கினார். இரு வடிவங்களையும் ஒரே உரப்பில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்ட பின் விவாதம் ஓய்ந்தது. கோயில் ஒலிபெருக்கியில் பிற்பாட்டின் நான்கு குரல்களும் தெளிவாகக் கேட்டன. ஓட்டோவின் சிறிய ஸ்பீக்கரிலும் சொற்கள் விளங்கின. எழுபதைக் கடந்த கூத்தர் ஒருவரின் குரலில் இருக்கும் கரகரப்பை அவர் மெருகேற்றி மறைக்காமல் விட்டதற்கு நான் தனியாக நன்றி சொன்னேன், ஏனெனில் அந்தக் குரலைத்தான் பதிவுசெய்யப் போனோம்.

குறைகளும் உண்டு. பத்து நாளில் தருவதாகச் சொன்ன வேலை பத்தொன்பது நாளானது. இரண்டு திருத்தங்களுக்கு மேல் கேட்டால் பாடலொன்றுக்கு 1,500 ரூபா தனியாகச் செலுத்த வேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லவில்லை. ஆறாவது பாடலின் முடிவில் சதங்கையின் கடைசி ஒலியை இரைச்சலென்று எண்ணி வெட்டியிருந்தார். சுட்டிக்காட்டியதும் மறுநாளே கட்டணமின்றித் திருத்தித் தந்தார்.

சிறிய குழுவுக்கு மொத்தம் 72,000 ரூபா பெரிய தொகை. முழுத் தொகையையும் திரட்ட முடியாதவர்கள், விருத்தமும் தருவும் அடுத்தடுத்து வரும் ஒரு பாடலை மட்டும் முதலில் கொடுத்துப் பார்க்கலாம்; அதில் அவர் தரும் குறிப்புகளே மற்றப் பாடல்களின் மிக்ஸிங்கைத் திருத்தப் போதுமானவை. இணையத்துக்கான 24 பிட் கோப்பு, குறுவட்டுக்கான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பு, லிமிட்டர் போடாத சேமிப்புப் பிரதி ஆகிய மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும். மூன்றாவதை அவர் தாமாகத் தரவில்லை. நாங்கள் கேட்ட பின்னரே அனுப்பினார்.