ரெய்ஷி ஜெல்: காயத்துக்கு எதுவரை உதவும்?

காயத்துக்குக் காளான் சாறு என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் ரெய்ஷிதான், அதாவது கனோடெர்மா. பொடி, டிங்க்சர் (ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு), ஜெல் என்று மூன்று விதமாக வருகிறது. தோலுக்குத் தோதானது ஜெல் மட்டும்தான். அதுவும் புண் மூடிய பிறகு. பச்சைப் புண்ணில் பொடியைத் தூவுவதும் காபித்தூளை அப்புவதும் ஒன்றுதான். கிருமி நீக்காத பொடி சதையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆஸ்பத்திரியில் அதை அலசி எடுக்கும்போது வலியில் உயிர் போகும். டிங்க்சரில் ஆல்கஹால் உண்டு. எரிவது ஒருபுறம், புதிதாக வளரும் திசுவையும் அது கெடுத்துவிடும்.

காளானில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற மாவுப்பொருள் வகை, காயத்தைத் துப்புரவு செய்யும் செல்களைத் தூண்டும் என்பதுதான் விற்பவர்கள் சொல்லும் கணக்கு. எலிகளில் காயம் சீக்கிரம் சுருங்கியது உண்மை. மனிதரில் அந்த அளவுக்கு வலுவான சான்று கிடையாது. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஈரம் காயாமல் மூடி வைத்த காயம், பொருக்குக் கட்டியதைவிட வேகமாக ஆறும் என்று 1962-லேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளில் காட்டிவிட்டார். ஆக, ஜெல்லுக்குக் கிடைக்கும் பேரில் பாதி ஈரத்துக்குச் சேர வேண்டியது.

பனங்கருக்கு கிழித்த கீறல் மாதிரி மேலோட்டமான காயம் என்றால், முதலில் ஓடும் நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடமாவது கழுவ வேண்டும். சிராய் உள்ளே நின்றால் எதைப் பூசினாலும் சீழ் வைக்கும். துணியை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தி, வாசலின் தடவி, காஸ் துணியால் மூடினால் போதும். டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) எப்போது போட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மூடிய பிறகு ஜெல்லை ஆரம்பிக்கலாம். அதற்கு முன் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். தடிப்போ அரிப்போ வந்தால் விட்டுவிடலாம். பட்டாணி அளவு, காலை ஒருமுறை, இரவு ஒருமுறை போதும். தடிமனாகப் பூசினால் நம்மூர் வேர்வையில் அழுக்குத் திரிபோல உருண்டு உதிரும்.

நீண்ட நாள் பூசியதில் தெரிந்த பலன், புதுத்தோலின் அரிப்பும் வறட்சியும் குறைவதுதான். தழும்பின் நிறத்தில் வாசலினைவிட மேலாக ஒன்றும் தெரியவில்லை. கத்திரி வெயிலில் அலமாரியில் வைத்தால் நீர்த்துப் பிரியும். ஃபிரிட்ஜின் கதவுப் பக்கம் வைப்பது நல்லது.

பொடியில் ஏமாற்று அதிகம். தானியத்தில் வளர்த்த பூசண இழையைத் தானியத்தோடு அரைத்து விற்கிறார்கள். கடைக்கார அண்ணாச்சி ஒரிஜினல் என்று சத்தியமே செய்தாலும், அரை ஸ்பூனை வெந்நீரில் கரைத்து, நன்றாக ஆறியபின் இரண்டு சொட்டு டிங்க்சர் அயோடின் விட்டுப் பாருங்கள். கருநீலமானால் தானியத்தின் ஸ்டார்ச் ஏராளம். சூட்டோடு விட்டால் நிறம் காட்டாது. நல்ல ரெய்ஷி நாக்கில் பட்டதும் கசக்கும். லேபிளில் 'பாலிசாக்கரைடு' என்று மட்டும் பெரிய சதவீதம் போட்டிருந்தால் நம்ப வேண்டாம், ஸ்டார்ச்சும் பாலிசாக்கரைடுதான். பீட்டா குளுக்கான் அளவு தனியாக இருக்க வேண்டும்.

தென்னந்தூரில் முளைக்கும் பளபளப்பான காளானைப் பறித்துக் காய்ச்சுவதும் நடக்கிறது. அதுவும் கனோடெர்மா இனம்தான், தஞ்சாவூர் வாடல் நோயைக் கொண்டுவருவது. மருந்துக் கடை ரகமும் அதுவும் ஒன்றல்ல. அந்த மரத்துக்கு வேர் வழியாக ஹெக்சகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கட்டியிருக்கலாம், தூரில் போர்டோ கலவை என்ற மயில்துத்த மருந்தை ஊற்றியிருக்கலாம். வீட்டில் காய்ச்சிய கஷாயம் வெளியே வைத்தால் ஒரே நாளில் கலங்கிப் புளிக்கும். புண்ணில் ஊற்ற அது ஆகவே ஆகாது.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் புண் என்றால் ஜெல்லோடு நாள் கடத்தக் கூடாது. நேரே திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்து மருத்துவரோதான். சிவப்பு பரவுதல், நாற்றம், காய்ச்சல் இருந்தால் எவருக்கும் அதே கதைதான். ஜெல்லோடு ரெய்ஷி மாத்திரையும் விழுங்குகிறவர்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுபவர்களாக இருந்தால் ரத்தக்கசிவு கூடலாம். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால் ரெய்ஷி மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தி, டாக்டரிடமும் சொல்லிவிட வேண்டும்.